பெசன்ட் நகர் பீச் தெரியும்... அந்த பெசன்ட் அம்மா கோர்ட்டில் நின்ற கதை தெரியுமா?

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போயிருக்கீங்களா? உள்ளே ஒரு மாமரம் இருக்கிறது. பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்கள் அந்த மரத்தைச் சுற்றி வருவார்கள். யாரும் கூச்சப்படுவதில்லை. கூட வந்த மாமியார், பக்கத்தில் நிற்கும் பூக்காரம்மா, முன்பின் தெரியாத பக்தர்கள் என எல்லோர் காதிலும் விழும்படியே வேண்டிக்கொள்ளலாம்.

இப்போ அங்கிருந்து நாலு தெரு தள்ளி ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு வாங்க. கல்யாணமாகி ஒரு வருஷமான ஒருத்தர் கடை வாசலில் பத்து நிமிஷமாக நிற்கிறார். மத்த கஸ்டமர்கள் எல்லாம் போகட்டும் என்று காத்திருக்கிறார். கடை காலியானதும் மெல்லிய குரலில் கேட்கிறார். கடைக்காரர் ஒண்ணும் பேசாமல் எடுத்து, நியூஸ் பேப்பரில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டுக் கொடுக்கிறார். தலைவலி மாத்திரைக்கு இவ்வளவு பேக்கிங் கிடையாது.

குழந்தை வேணும் என்பதை ஊரே கேட்கச் சொல்லலாம். இப்போதைக்கு வேண்டாம் என்பதை மட்டும் ரகசியமாகத்தான் சொல்லணும். எனக்குச் சொந்த ஊர் காஞ்சிபுரம் என்பதால், இந்த ரெண்டு காட்சியையும் பார்த்தே வளர்ந்தவள் நான்.

அந்த ரகசியத்தை அச்சடித்து ஆறு பென்னிக்கு விற்றதற்காக, கிட்டத்தட்ட 150 வருஷத்துக்கு முன்னால் லண்டனில் ஒரு பெண்மீது வழக்குப் போட்டார்கள். ஜெயில் தண்டனை விதித்தார்கள். கடைசியில் அவர் பெற்ற மகளையே அவரிடமிருந்து பிரித்தார்கள். அவர் பெயரில்தான், நீங்க வீக் எண்ட்டில் போய் செல்ஃபி எடுக்கிற பெசன்ட் நகர் இருக்கிறது.

அன்னி பெசன்ட். ஸ்கூல் புத்தகத்தில் படித்திருப்பீங்க. ஹோம் ரூல் இயக்கம், காங்கிரஸின் முதல் பெண் தலைவர், அடையாறு தியாசபிகல் சொசைட்டி. அந்தப் பாடத்தில் இந்த வழக்கு பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் இந்தக் கதை.

பாதிரியாரின் மனைவி

1847 அக்டோபர் 1-ம் தேதி லண்டனில் பிறந்தார் அன்னி வுட். ஐந்து வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மா, ஹாரோ பள்ளி மாணவர்களுக்குத் தங்கும் விடுதி நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். எல்லன் மேரியட் என்ற பெண்மணி சிறுமி அன்னியைத் தன்னோடு வைத்துப் படிக்க வைத்தார்.

1867 டிசம்பரில், 20 வயதில், பிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாரோடு கல்யாணம். தாம்பத்யம் என்றால் என்ன என்பதே தெரியாமல்தான் மணமேடை ஏறியதாக அவர் பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு அதெல்லாம் தெரியக் கூடாது என்பது அந்தக் காலத்து இங்கிலாந்தின் கணக்கு. நம்ம ஊர்க் கணக்கு மட்டும் என்ன வாழ்கிறது என்கிறீங்களா? அதுவும் சரிதான்.

1869 ஜனவரியில் மகன் டிக்பி, 1870 ஆகஸ்ட்டில் மகள் மேபல். இருபத்துமூன்று வயதுக்குள் ரெண்டு குழந்தைகள், உடல் தளர்ச்சி, ஒத்துப்போகாத கணவர். சிறுகதை எழுதி முதன்முதலாக 30 ஷில்லிங் சம்பாதித்தார். அந்தக் காசும் சட்டப்படி கணவருக்குத்தான் சொந்தம் என்று அப்புறம்தான் தெரிந்தது. கணவர் தன்னைக் கொடுமைப்படுத்தியதாகவும் பின்னாளில் கோர்ட்டில் சொன்னார்.

1871-ல் குழந்தை மேபலுக்குக் கக்குவான் இருமல். மூச்சுவிட முடியாமல் வாரக்கணக்கில் தவித்தது குழந்தை. மடியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார் அன்னி. ஒரு பச்சைக் குழந்தைக்கு ஏன் இவ்வளவு வலி என்ற கேள்வியில் தொடங்கி, கடவுள் நம்பிக்கையே கழன்றுபோனது. பாதிரியாரின் மனைவி சர்ச்சில் நற்கருணை வாங்க மறுத்தால் என்ன ஆகும்? சடங்கில் கலந்துகொள், இல்லையென்றால் வீட்டைவிட்டுப் போ என்ற நிலை வந்தது. 1873-ல் வீட்டைவிட்டு வெளியேறினார். மகன் அப்பாவோடு, மகள் அம்மாவோடு என்று ஒப்பந்தம்.

ஆறு பென்னிப் புத்தகம்

லண்டனில் சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகத் தலைவரைச் சந்தித்தார். அவருடைய பத்திரிகையில் எழுதினார், மேடையில் பேசினார். ஒரு பெண் மேடையேறுவதே அதிசயமாக இருந்த காலத்தில், மணிக்கணக்கில் கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சாளர் ஆனார்.

அப்போதுதான் அந்தப் புத்தகம் வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த டாக்டர் சார்லஸ் நோல்ட்டன் 1832-ல் எழுதிய சின்னப் புத்தகம். தலைப்பு ‘தத்துவத்தின் கனிகள்’. தலைப்பைப் பார்த்தால் சாமியார் எழுதியது போலிருக்கும். உள்ளே இருந்தது, கரு எப்படி உருவாகிறது, அதை எப்படித் தள்ளிப்போடலாம் என்ற விளக்கம். இதை எழுதியதற்காக நோல்ட்டன் மூன்று மாதம் கடுங்காவல் அனுபவித்தார். இங்கிலாந்தில் அது நாற்பது வருஷமாக வருஷத்துக்கு 700 பிரதி அளவில் சத்தமில்லாமல் விற்றுக்கொண்டிருந்தது. பிறகு பிரிஸ்டல் நகரத்தில் ஒரு புத்தகக் கடைக்காரர் படங்கள் சேர்த்து விற்கப்போக, கைது செய்து தண்டித்தார்கள். லண்டன் பதிப்பாளரையும் பிடித்தார்கள். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒதுங்கிக்கொண்டார்.

பிராட்லாவும் பெசன்ட்டும் ஒதுங்கவில்லை. இத்தனைக்கும் அந்தப் புத்தகம் அவர்களுக்கு முழுசாகப் பிடித்த புத்தகமும் இல்லை. எழுத்து பழசு, மருத்துவம் பழசு. ஆனால், கருத்தடை பற்றி எழுதினாலே ஆபாசம் என்று சட்டம் சொன்னால், நாளைக்கு யாருமே இதைப் பற்றி எழுத முடியாது என்று நினைத்தார்கள். புத்தகம் நல்லதா கெட்டதா என்பது வேறு, அதைப் படிக்கும் உரிமை வேறு. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கோங்க, பிறகு தேவைப்படும்.

ரெண்டு பேரும் சொந்தமாகப் பதிப்பகம் தொடங்கி, மருத்துவக் குறிப்புகளைத் திருத்தி, 1877 மார்ச் 24-ம் தேதி புத்தகத்தை விற்பனைக்கு வைத்தார்கள். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு விற்கப்போகிறோம் என்று அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தகவலும் கொடுத்தார்கள். வந்து பிடிச்சுக்கோங்க என்ற சவால்தான். முதல் இருபது நிமிஷத்தில் 500 பிரதிகள் விற்றுப்போயின. வாங்கியவர்களில் மஃப்டி போலீஸும் உண்டு.

ஏப்ரலில் கைது.

கூண்டில் ஒரு பெண், 29 வயது

1877 ஜூன் 18. விசாரித்தவர் இங்கிலாந்தின் தலைமை நீதிபதி காக்பர்ன். அரசுத் தரப்பில் சொலிசிட்டர் ஜெனரலே வந்து வாதாடினார். பெசன்ட் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. தனக்காகத் தானே வாதாடினார். பெண்கள் வக்கீலாகவே முடியாத காலம் அது.

என்ன பேசினார்? லண்டன் ஏழைகளின் வீடுகளைப் பற்றிப் பேசினார். ஒரே அறையில் பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் படுத்துறங்கும் நிலை. வருஷத்துக்கு ஒரு பிரசவம் என்று தேய்ந்துபோகும் உடம்பு. பிறந்த வேகத்திலேயே இறக்கும் சிசுக்கள். வேண்டாத கருவைக் கலைக்கப் போய் உயிரைவிடும் பெண்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது ஒழுக்கமா, கரு தரிக்காமல் பார்த்துக்கொள்ளும் வழியைச் சொல்லிக் கொடுப்பது ஒழுக்கமா என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

அரசுத் தரப்பின் பயம் வேறு. இந்த விஷயம் தெரிந்துவிட்டால் கல்யாணமாகாத பெண்கள் கெட்டுப்போவார்கள். அதுவும் ஆறு பென்னிக்குக் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிப்பார்களே! விலை உயர்ந்த மருத்துவப் புத்தகங்களில் இதே விஷயம் இருந்ததே, அதற்கு ஏன் வழக்கு இல்லை என்று பெசன்ட் கேட்டார். பணக்காரர் படித்தால் அறிவு, ஏழை படித்தால் ஆபாசமா?

தங்கள் தரப்புச் சாட்சியாக சார்லஸ் டார்வினை அழைக்க முயன்றார்கள். அவர் வர மறுத்தார். உடம்பு சரியில்லை என்பதோடு, இவர்களுடைய கருத்தில் தனக்கு உடன்பாடில்லை என்றும் எழுதிவிட்டார். பரிணாமத்தையே எழுதிய மனுஷன் இதில் அந்தப் பக்கம் நின்றார் என்பது நமக்கு ஆச்சர்யமாக இருக்கும். அறிவியல் தெரிந்தவர்கள்கூட அன்றைக்கு ஒரே பக்கம் நிற்கவில்லை.

ஜூன் 21-ல் ஜூரிகள் ஒரு விசித்திரமான தீர்ப்பு சொன்னார்கள். புத்தகம் ஒழுக்கத்தைக் கெடுக்கக்கூடியது, ஆனால் வெளியிட்டவர்களுக்குக் கெட்ட நோக்கம் இல்லை. நீதிபதி இதைக் குற்றவாளிகள் என்ற தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார். ஆறு மாத ஜெயில், ஆளுக்கு 200 பவுண்ட் அபராதம். ஆனால், அப்பீலுக்காக உடனே ஜாமீனில் விட்டார்கள். 1878 பிப்ரவரியில் மேல் கோர்ட் தண்டனையை ரத்து செய்தது. எந்த வார்த்தைகள் ஆபாசம் என்று குற்றப்பத்திரிகையில் எழுதவே இல்லை என்ற டெக்னிக்கல் ஓட்டைதான் காரணம்.

புத்தகம் என்ன ஆச்சு? வருஷத்துக்கு 700 விற்ற புத்தகம், மூன்றே மாதத்தில் சுமார் ஒன்றேகால் லட்சம் பிரதி போனது. தடை போட்டால் டிரெண்டிங் ஆகும் என்பது யூடியூப் காலத்துக் கண்டுபிடிப்பு கிடையாது. அந்த ஆண்டுகளை ஒட்டித்தான் இங்கிலாந்தில் பிறப்பு விகிதமும் இறங்க ஆரம்பித்தது. வழக்கு மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், வீட்டு அடுப்பங்கரை வரை இந்தப் பேச்சைக் கொண்டுபோனது அந்த வழக்குதான்.

மகளை எடுத்துக்கொண்டார்கள்

ஜெயில் தப்பியது. நிஜமான தண்டனை அதற்குப் பிறகு வந்தது.

1878-ல் பிராங்க் பெசன்ட் கோர்ட்டுக்குப் போனார். நாத்திகம் பேசுகிற, கருத்தடைப் புத்தகம் விற்கிற ஒருத்தி எப்படி ஒரு பெண் குழந்தையை வளர்க்க முடியும் என்று கேட்டார். நீதிபதி ஜார்ஜ் ஜெசல் அதை ஏற்றுக்கொண்டார். எட்டு வயதை நெருங்கிக்கொண்டிருந்த மேபலை அம்மாவிடமிருந்து பிரித்து அப்பாவிடம் ஒப்படைத்தார். குழந்தைக்கு யாரிடம் இருக்க விருப்பம் என்பது அங்கே ஒரு கேள்வியாகவே இல்லை. கக்குவான் இருமலில் மடியிலேயே வைத்துக் காப்பாற்றிய அதே குழந்தை.

பெசன்ட் நோயில் விழுந்தார். அப்பீலிலும் மகள் கிடைக்கவில்லை. பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. ஒவ்வொரு முறையும் வந்து பார்த்துப் பிரிவது குழந்தைகளுக்குத்தான் வேதனை என்று, அவர்கள் வளரும்வரை விலகி நின்றார். பெரியவர்களானதும் ரெண்டு பிள்ளைகளும் தாங்களாகவே அம்மாவைத் தேடி வந்தார்கள். இடையில் போன வருஷங்கள் போனதுதான்.

கணவர் பிராங்க்கைப் பற்றி ஊர் ஒண்ணும் பேசவில்லை. புத்தகத்தைச் சேர்ந்து வெளியிட்ட பிராட்லாவின் பிள்ளைகளை யாரும் பிரிக்கவில்லை. ஒரே புத்தகம், ஒரே தண்டனை. ஆனால், பிள்ளையை இழந்தது பெண் மட்டும்தான்.

அவர் சொன்னது எல்லாம் சரியா?

பெசன்ட்டை தேவதையாக்கி இந்தக் கதையை முடித்துவிடலாம். அது நேர்மையாக இருக்காது.

முதல் சிக்கல் மருத்துவம். நோல்ட்டன் சொன்ன வழி, உறவுக்குப் பிறகு சில ரசாயனக் கரைசல்களால் கழுவுவது. அது நம்பகமான கருத்தடை இல்லை என்று இன்றைக்கு எந்த டாக்டரும் சொல்வார். பெசன்ட் அதே 1877-ல் ‘மக்கள்தொகை விதி’ என்று சொந்தமாக ஒரு நூல் எழுதி, ஸ்பாஞ்ச் வைப்பது போன்ற வேறு வழிகளைச் சொன்னார். அதுவும் விழுந்து விழுந்து விற்றது.

ரெண்டாவது சிக்கல் பெரியது. அவருடைய வாதத்தின் அடித்தளம், மால்தூஸ் 1798-ல் எழுதிய கோட்பாடு. உணவு பெருகுவதைவிட வேகமாக மக்கள் பெருகுவார்கள், அதனால்தான் வறுமை என்பது அதன் சாரம். வேடிக்கை என்னவென்றால், மால்தூஸே கருத்தடைக்கு எதிரி. லேட்டாகக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள், அடக்கமாக இருங்கள் என்றவர். அவர் பெயரில் கருத்தடையைப் பரப்ப 1877-ல் தொடங்கிய மால்தூசியன் லீகின் முதல் செயலாளர் பெசன்ட்.

இந்தக் கோட்பாட்டில் ஒரு முள் இருக்கிறது. நீ ஏழையாக இருப்பது நீ நிறைய பெற்றதால்தான் என்று பழி ஏழைமேல் விழுந்துவிடும். கூலி குறைவாகக் கொடுத்த முதலாளி தப்பித்துவிடுவார். எங்க ஊர் பிள்ளையார்பாளையத்தில் தறி போட்ட வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வேற வேற நிறத்தில் இருந்தால் அது கோர்வைச் சேலை. அதை நெய்ய, தறிக்காரர் கூட கரைப் பக்கம் நாடா தள்ள இன்னொரு ஆள் வேணும். கூலிக்கு ஆள் வைக்க வசதியில்லாத வீட்டில், அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். பிள்ளை நிறைய இருந்ததால் வறுமையா, வறுமையால் பிள்ளைகளின் கை தேவைப்பட்டதா? முடிச்சு ரெண்டு பக்கமும் இறுகியிருக்கிறது.

பெசன்ட்டும் இதைக் கொஞ்ச காலத்தில் பார்த்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன். 1888-ல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் கூலி, அபராதம் பற்றி எழுதி, சுமார் 1,400 பேர் நடத்திய வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். பள்ளிக் குழந்தைகளுக்கு இலவசச் சாப்பாடு வேண்டும் என்றும் போராடினார். எண்ணிக்கையைக் குறைப்பதோடு தட்டில் சோறும் போட வேண்டும் என்ற இடத்துக்கு வந்திருந்தார்.

தானே பூட்டிய புத்தகம்

இனிமேல்தான் ட்விஸ்ட்.

1880-களில் இங்கே சென்னையில் இலௌகிக சங்கம் என்று ஒரு நாத்திகக் குழு இயங்கியது. ‘தத்துவ விவேசினி’ என்று தமிழில் பத்திரிகை நடத்தினார்கள். பிராட்லாவின் லண்டன் இயக்கம்தான் அவர்களுக்கு முன்மாதிரி. பெசன்ட் இந்தியாவுக்கு வருவதற்குப் பத்து வருஷம் முன்பே, அவருடைய பழைய இயக்கத்தின் சிந்தனை தமிழில் அச்சேறிக்கொண்டிருந்தது.

ஆனால், 1893 நவம்பரில் தூத்துக்குடியில் கப்பலைவிட்டு இறங்கிய பெசன்ட் வேறு ஆள். 1889-ல் பிளாவட்ஸ்கி அம்மையாரின் நூலைப் படித்து, தியாசபி என்ற ஞானமார்க்கத்தில் சேர்ந்திருந்தார். மனிதன் அடிப்படையில் ஆன்மா, உடலின் இச்சையைக் கருவியால் ஏமாற்றாமல் மனதால் அடக்க வேண்டும் என்பது அவருடைய புது நம்பிக்கை. 1891-ல், தன் ‘மக்கள்தொகை விதி’ நூலைத் தானே நிறுத்தினார். இனி அச்சடிக்க மாட்டேன், உரிமையையும் யாருக்கும் விற்க மாட்டேன் என்றார். அதே வருஷம் ஜனவரியில் பிராட்லா இறந்திருந்தார்.

யோசிச்சுப் பாருங்க. எந்தக் கருத்துக்காக மகளை இழந்தாரோ, அந்தக் கருத்தையே கைவிட்டார். ஏழைத் தாய்மார்களுக்குக் கிடைத்துவந்த ஓர் ஆறுதலைப் பறிக்கிறோம் என்ற வலி தனக்கு இருந்ததை அவரே எழுதியிருக்கிறார். பழைய நண்பர்கள் கொதித்தார்கள்.

மனசு மாறுவது அவர் உரிமை. எனக்கு அதில் சண்டை இல்லை. உறுத்துவது வேறு. 1877-ல், தனக்கு முழுசாக ஒப்பாத ஒரு புத்தகத்தை மற்றவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக ஜெயிலுக்குத் துணிந்தார். 1891-ல், தனக்கு ஒப்பவில்லை என்பதற்காக, மற்றவர்கள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை நிறுத்தினார். தன் உடம்பைப் பற்றி ஒரு பெண் எதைத் தெரிந்துகொள்ளலாம் என்பதை முதலில் அரசு தீர்மானித்தது. பிறகு, ரொம்ப நல்ல எண்ணத்தோடு, அவரே தீர்மானித்தார்.

மறுபடியும் ஒரு கஸ்டடி வழக்கு

இந்திய வாழ்க்கையை நீங்க பாடத்தில் படித்தாச்சு. 1898-ல் காசியில் மத்திய இந்துக் கல்லூரி, 1907 முதல் தியாசபிகல் சொசைட்டி தலைவர், 1916-ல் ஹோம் ரூல், 1917-ல் ஊட்டியில் காவல், அதே வருஷ டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸின் தலைவர்.

பாடத்தில் இல்லாத ஒன்று உண்டு. 1909-ல் அடையாறில் கண்டெடுத்த சிறுவன் ஜே.கிருஷ்ணமூர்த்தியையும் அவன் தம்பி நித்யாவையும் பெசன்ட் தன் பொறுப்பில் வளர்த்தார். அப்பா நாராயணையா முதலில் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். 1912-ல், பிள்ளைகளைத் திருப்பிக் கொடு என்று வழக்குப் போட்டார். இந்த முறையும் பெசன்ட் தானே வாதாடினார். சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றார். 1914-ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் ஜெயித்தார். பையன்களின் விருப்பத்தைக் கேட்காமல் முடிவு செய்தது தவறு என்பது அங்கே முக்கியமான காரணமானது.

மேபலிடம் யாரும் கேட்காத கேள்வி அது. முப்பத்தாறு வருஷம் கழித்து ஒரு நீதிமன்றம் அதைக் கேட்டது. ஆனால், இந்த முறை பிள்ளைகளைப் பறிகொடுத்து நின்றவர் ஓர் அப்பா.

1933 செப்டம்பர் 20-ம் தேதி, 85 வயதில், அடையாறில் இறந்தார் பெசன்ட்.

அவர் விட்ட இடத்திலிருந்து

அவர் பூட்டியதை வேறு ஆட்கள் திறந்தார்கள். அதில் ஒருவரின் பாதை எங்க ஊர் வழியாகப் போகிறது. 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை அனுமதிக்காததால் வெளியேறினார் ஈ.வெ.ரா. பெரியார்.  அவருடைய ‘குடி அரசு’ இதழ் கர்ப்பத்தடையைப் பற்றி வெளிப்படையாக எழுதியது. ‘கர்ப்ப ஆட்சி’ என்று தனி நூலே வந்தது. பாரதிதாசன் இதை ஆதரித்துக் கவிதை எழுதினார்.

இதே காலத்தில் சென்னையில் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த வேப்பா ராமேசம் போன்ற பெரிய மனிதர்கள் நியோ மால்தூசியன் லீக் நடத்தினார்கள். அவர்களுடைய கவலை நாட்டின் மக்கள்தொகை. பெரியார் வேற இடத்தில் நின்றார். நாட்டுக்காகவோ குடும்ப வரவு செலவுக்காகவோ இல்லாமல், பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்பது அவர் வாதம். காந்தி இன்னொரு பக்கம். 1935-ல் அமெரிக்காவின் மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கே வந்து பேசியும், புலனடக்கம்தான் வழி என்று உறுதியாக இருந்தார்.

இதில் ஜெயித்தது யார்? நிஜத்தில், எண்ணிக்கைதான் ஜெயித்தது. 1952-ல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. சிவப்பு முக்கோணம், 1968-ல் நிரோத், அறுவை சிகிச்சை முகாம்கள், ரொக்கப் பரிசு. எமர்ஜென்சியின்போது 1976-77 ஒரே வருஷத்தில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் அதிகமானோருக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை நடந்தது. டார்கெட்டுக்காக இழுத்துப்போனவர்கள் ஏராளம், அதிலும் ஏழைகள்தான் அதிகம். தெரிந்துகொள்ளாதே என்று சொன்ன சட்டத்துக்குப் பதிலாக, செய்துகொள் என்று சொல்லும் அரசு வந்தது. ரெண்டிலும் சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

இன்றைக்கும் கணக்கு ஒரு பக்கமாகத்தான் சாய்ந்திருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவிகிதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களுக்கான அறுவை சிகிச்சை 0.3 சதவிகிதம். தமிழ்நாட்டில் பெண்கள் கணக்கு பாதிக்கும் மேல். ஆண்களுக்கான ஆபரேஷன்தான் சுலபமானது, சீக்கிரம் ஆறுவது என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள்.

எங்க ஆயாவுக்கு எட்டுப் பிரசவம். தங்கியது ஐந்து. கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா எடுத்துச் சொல்லி ஆபரேஷன் செய்துகொண்டார். தாத்தா செய்துகொள்ளவில்லை. செய்தால் பலம் போய்விடும், தறியில் உட்கார முடியாது என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். தாத்தா தறியில் உட்காரும் நேரத்துக்குச் சமமாக ஆயாவும் பாவு, அச்சு, அடுப்பு என்று நின்றவர்தான். அவருடைய பலத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. முதல் பிரசவத்துக்குப் பிறகே யாராவது சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீங்க என்று ஒருமுறை ஆயாவிடம் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். அப்படி ஒன்றைச் சொல்ல ஆள் இருக்கும் என்றே தனக்குத் தோன்றியதில்லை என்றார்.

அந்த ஆளாக இருக்கத்தான் 29 வயதில் பெசன்ட் கூண்டேறினார்.

நமக்கு இன்றைக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. கையில் போன் இருக்கிறது. ஆனாலும், அவசரக் கருத்தடை மாத்திரையை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று மத்திய விதி 2000-களின் நடுவிலேயே வந்தும், தமிழ்நாட்டில் பல மெடிக்கல்களில் வருஷக்கணக்கில் அது கிடைக்காத சரக்கு. கேட்டால் ஒரு பார்வை மட்டும் இலவசமாகக் கிடைக்கும். எந்த முறை நமக்குச் சரி, பக்கவிளைவு என்ன என்று அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் கேட்கலாம். கேட்பதில்லை. கூகுளிடம் இன்காக்னிட்டோவில் கேட்கிறோம்.

பெசன்ட்டின் ரெண்டு முகத்தில் எதைப் பிடித்துக்கொள்வது என்பது உங்க இஷ்டம். நான் 1877-ன் பெசன்ட்டோடு நிற்கிறேன். 1891-ன் பெசன்ட்டையும் மறக்க மாட்டேன். நல்ல எண்ணம் உள்ளவர்கூட இன்னொருத்தர் தெரிந்துகொள்வதைத் தடுத்துவிடலாம் என்பதற்கு அவரைவிடப் பெரிய பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த முறை மெடிக்கல் ஷாப்பில் கடைக்காரர் நியூஸ் பேப்பரை எடுக்கும்போது, சுத்த வேணாம்ணா, அப்படியே கொடுங்க என்று சொல்லிப் பாருங்க. ஆறு மாத ஜெயில் எல்லாம் இப்போ கிடையாது.